ட்ரெய்னியாகச் சேர்ந்து டீம் லீட் ஆவது வரை: தண்டையார்பேட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பேராவது கூடிவிடுவார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள். கடைசி வருஷம் படிப்பவர்கள் சிலர், வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள் சிலர். நான் 2014-இல் ஒரு டெக்னாலஜி கன்சல்டன்சியில் கிராஜுவேட் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். 2021-இல் டீம் லீட் ஆனேன். இப்போது என் டீமில் ஒன்பது பேர். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காகவும், என் தொண்டைக்காகவும் எழுதிவைக்கிறேன்.

கன்சல்டன்சி என்றால் காசு வாங்கிக்கொண்டு வேலை வாங்கித் தரும் இடம்தானே அக்கா?

நம் பக்கம் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். எனக்கு ஆஃபர் லெட்டர் வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு கட்டணும்?"

இது வேறு. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு க்ளெய்ம் பார்க்கும் சாஃப்ட்வேர் வேண்டும். அதைச் செய்ய அவர்களிடம் ஆள் இல்லை. நாங்கள் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டு, செய்து கொடுத்து, பிறகு அது ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறோம். அவர்கள் எங்கள் கம்பெனிக்குப் பணம் தருகிறார்கள், கம்பெனி எங்களுக்குச் சம்பளம் தருகிறது. நீங்கள் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. சேருவதற்கு முன் டெபாசிட் கேட்டாலோ, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டுப் போ என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். அங்கே பேச ஒன்றுமில்லை.

சொந்தமாக ஒரு சாஃப்ட்வேரைச் செய்து விற்கும் கம்பெனியில் வருஷக்கணக்காக ஒரே பொருளோடு இருப்பீர்கள். இங்கே அப்படி இல்லை. இந்த வருஷம் இன்சூரன்ஸ், அடுத்த வருஷம் ஏதோ ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஸ்டாக். அதனால் தெரியாத ஆளிடம் தெரியாத விஷயத்தைக் கேட்டுப் புரிந்துகொள்கிற பழக்கம் வந்தே ஆக வேண்டும். லீட் ஆவதற்கான பாதி வேலை அதுதான்.

ட்ரெய்னியாகச் சேர்ந்தால் முதல் வருஷம் என்ன நடக்கும்?

என் கதையில் முதல் மூன்று மாதம் வகுப்பு. ஜாவா, எஸ்கியூஎல், கொஞ்சம் டெஸ்டிங், ஒவ்வொன்றுக்கும் பரீட்சை. காலேஜ் மாதிரியேதான், சம்பளம் வரும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அப்புறம் ஒரு ப்ராஜெக்டில் ஷேடோ, அதாவது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அதற்குப் பிறகும் புதிதாக எழுதத் தர மாட்டார்கள். யாரோ ஐந்து வருஷம் முன்பு எழுதிய ப்ரோக்ராம் கோடில் சின்னச் சின்ன பக், அதாவது தப்பு, பார்த்துத் திருத்தச் சொல்வார்கள்.

பலருக்கு இங்கே சலிப்பு வருகிறது. எனக்கும் வந்தது. இன்று யோசித்தால், நான் லீடாக நாள் முழுக்கச் செய்வது அடுத்தவர் கோடைப் படிப்பதுதான். அந்தக் கைப்பழக்கம் அந்த ஒரு வருஷத்தில் வந்தது. பக் ஒன்றை மூடும்போது, எங்கே தப்பு, ஏன் அப்படி ஆனது, எதை மாற்றினேன் என்று மூன்று வரி எழுதிவைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே மாதிரிப் பிரச்சினை வந்தபோது, சீனியர் ஒருவர் அந்த மூன்று வரியைத் தேடி என் இருக்கைக்கு வந்தார்.

பெஞ்சில் போட்டுவிட்டார்கள். வேலை போய்விடுமா?

பெஞ்ச் என்றால் சம்பளம் உண்டு, ப்ராஜெக்ட் இல்லை. ஒன்றிரண்டு மாதம் எல்லோருக்கும் வருவதுதான். நீண்டுகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். ஆட்களைப் ப்ராஜெக்டுக்கு ஒதுக்கும் டீமுக்கு வாரம் ஒரு மெயில் போடுங்கள். பழைய மேனேஜரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேன்டீனில் உட்கார்ந்திருப்பவர் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது.

எனக்கு இங்கிலீஷ் வராது. நான் எப்படி லீட் ஆவது?

ஞாயிற்றுக்கிழமை அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதுவும் எல்லோரும் போன பிறகு, படிக்கட்டில் நின்று தணிந்த குரலில்.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். க்ளையன்டோடு, அதாவது எங்களிடம் வேலை கொடுத்த கம்பெனியோடு, நடந்த முதல் போன் காலில் பேசியவர் ஸ்காட்லாந்துக்காரர். இருபது நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது 'ஓகே' மட்டும். பக்கத்தில் இருந்த, கான்வென்டில் படித்த சீனியரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கால் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "உனக்குப் புரிஞ்சுதா?" என்றார். அன்றைக்குப் பாதி பயம் போனது.

மீதிப் பாதி போக இரண்டு வருஷம் ஆனது. நான் செய்தது இவ்வளவுதான். கால் நடக்கும்போதே, "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்" என்று ஆரம்பித்து இரண்டு வாக்கியம் சொல்வேன். தப்பாக இருந்தால் அவர்களே திருத்துவார்கள். முடிந்த அரை மணி நேரத்துக்குள் பேசியதை மெயிலாக அனுப்புவேன்: என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். இலக்கணம் தடுமாறிய மெயில்கள்தான். ஆனால் நான்கு மாதத்தில் க்ளையன்ட் பக்கத்திலிருந்து, "அந்தப் பொண்ணின் நோட்ஸ் வந்துவிட்டதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரளமாகப் பேசியவர்களின் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

இப்போது படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் பயிற்சி உண்டு. அதை அட்டெண்டன்ஸுக்காக மட்டும் போய் வீணடிக்காதீர்கள்.

வட சென்னை என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்களே?

பார்ப்பார்கள். "அங்கேயா? பயமா இல்ல?" என்று முதல் வாரமே என்னிடமும் கேட்டார்கள். சினிமாவில் பார்த்த அரிவாளைத் தேடுகிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை வாங்க, காசிமேட்டில் மீன் வாங்கித் தருகிறேன்" என்றேன். இரண்டு பேர் நிஜமாகவே வந்தார்கள். அதில் ஒருத்தி இன்றும் வஞ்சிரம் வாங்கித் தரச் சொல்லிப் போன் செய்வாள்.

ரெஸ்யூமில் ஊரை மறைக்க வேண்டாம். அண்ணா நகர் அத்தை வீட்டு முகவரியைப் போட்ட ஒரு பையனைத் தெரியும். பின்னணிச் சரிபார்ப்புக்கு ஆள் அத்தை வீட்டுக்குப் போய், அத்தை "அவன் இங்க இல்லையே" என்று சொல்லி, மூன்று வாரம் அலைந்தான்.

இங்கிருந்து தினமும் ஓஎம்ஆர் போக முடியுமா?

ஓஎம்ஆர் என்பது ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலை, ஊரின் தெற்குக் கோடி. நான் சேர்ந்தபோது பஸ்ஸில் பாரிமுனை, பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில், திருவான்மியூரில் இறங்கி மறுபடி பஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை வந்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்காத குறை. கிண்டி, ஆலந்தூர் பக்கம் ஆஃபீஸ் என்றால் இன்று பிரச்சினையே இல்லை. ஓஎம்ஆர் என்றால் இன்னும் கஷ்டம்தான். மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் மெட்ரோ தடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். சம்பளத்தைக் கேட்கிற அதே கூச்சமில்லாத குரலில்.

எத்தனை வருஷத்தில் லீட் ஆகலாம்?

எனக்கு ஏழு ஆனது. ஐந்தில் ஆனவரையும் தெரியும், பத்து ஆகியும் ஆகாதவரையும் தெரியும். பத்து ஆனவர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அவர்கள் மேலே வராததற்கு அதுதான் காரணம் என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ஒன்று மட்டும் எல்லா இடத்திலும் பார்த்தேன். வேலை முதலில் வரும், பதவி பிறகு வரும். 2020-இல் எங்கள் லீட் வேறு ப்ராஜெக்டுக்குப் போனார். லாக்டவுன் நேரம், புது ஆள் போட முடியவில்லை. "கொஞ்ச நாள் நீ பாத்துக்கோ" என்றார்கள். கொஞ்ச நாள் என்பது பதினான்கு மாதம். ஒன்றரை ரூம் வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. குக்கர் விசில் அடங்கும் இடைவெளியில்தான் பேசுவேன். அதற்கு அடுத்த ஆடியில் கோயில் ஸ்பீக்கரும் சேர்ந்துகொண்டது. மாதம் முழுக்க மியூட்டிலேயே வாழ்ந்து, சொல்ல வேண்டியதைச் சாட்டில் டைப் செய்தேன். அந்த வருஷ அப்ரைசலில், அதாவது வேலையை எடைபோடும் மதிப்பீட்டில், பதவி வந்தது. பதினான்கு மாதமும் நான் என்ன செய்தேன் என்று தேதியோடு ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருந்தேன். மேனேஜர் எனக்காக மேலே போய்ப் பேசும்போது அதைத்தான் திறந்து காட்டினாராம். உங்கள் வேலையை உங்கள் மேனேஜர் ஞாபகம் வைத்திருப்பார் என்று நம்பாதீர்கள். அவருக்கு உங்களைப் போல இருபது பேர்.

"எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

ட்ரெய்னியாக இருந்தபோது "ரெண்டு நாள்" என்பேன். எது கேட்டாலும் ரெண்டு நாள். கோடு எழுதுவது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. எழுத இரண்டு நாள் ஆகும் வேலைக்கு டெஸ்ட் செய்ய ஒரு நாள், ரிவ்யூவில், அதாவது இன்னொருவர் நம் கோடைப் படித்துப் பார்த்து, சொன்னதைத் திருத்த அரை நாள், க்ளையன்டிடம் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் வர ஒரு நாள், டெஸ்ட் சர்வர் படுத்துவிட்டால் இன்னும் அரை நாள். ஆக ஐந்து. எட்டு மணி நேர நாளில் மீட்டிங் எல்லாம் போக உருப்படியாக ஐந்து, ஆறு மணி நேரம்தான் கையில் நிற்கும்.

சரி, தப்பாகச் சொல்லிவிட்டோம், முடியாது போலிருக்கிறது. அப்போது என்ன? அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை தர வேண்டியதைப் பற்றி செவ்வாய்க்கிழமை சொன்னால் அது தகவல். எதைக் குறைக்கலாம், யாரைச் சேர்க்கலாம் என்று யோசிக்க எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் அது ஏமாற்று வேலை போலத் தோன்றும், நீங்கள் எவ்வளவு உழைத்திருந்தாலும். ஒருவரை லீட் ஆக்கலாமா என்று என்னிடம் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கெட்ட செய்தியை எந்தக் கிழமை சொல்கிறார்?

நீங்கள் செய்த பெரிய தப்பு என்ன?

லீட் ஆன முதல் வருஷம். இங்கிலாந்து க்ளையன்ட். பாலிசிதாரர்களுக்குப் பணம் கட்டச் சொல்லி நினைவூட்டும் குறுஞ்செய்தி, லண்டன் நேரம் இரவு 1.30-க்குத் தானாகப் போக வேண்டும். என் டீமில் ஒரு தம்பி எழுதினான். நான் ரிவ்யூ செய்து சரி என்றேன். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது.

அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தைத் திருப்பி ஒரு மணி ஆக்குவார்கள். கோடை நேரம் முடிகிறது. அதாவது அன்றைக்கு 1.30 இரண்டு முறை வரும். நம் ஊர் நேரத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, ஏழு மணிக்கு ஒரு முறை. குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் எங்கள் ஷெட்யூலர் லண்டன் கடிகாரத்தைப் பார்த்து ஓடியது. இரண்டு முறையும் அனுப்பிவிட்டது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே செய்தி இரண்டு தடவை. ஏழேகாலுக்கு எனக்கு அலர்ட் வந்தது. கையில் இட்லி.

முதலில் தோன்றியது, யாரும் கவனிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா என்பதுதான். பொய் சொல்ல மாட்டேன், ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மேனேஜரை எழுப்பினேன். க்ளையன்டின் அவசர எண்ணுக்கும் போன் போட்டேன். அங்கே ஞாயிறு விடியவே இல்லை. அவர்களுடைய கால் சென்டர் திறப்பதற்குள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதித் தயாராக வைத்தோம்.

திங்கட்கிழமை காலில், "இதை யார் எழுதியது?" என்று கேட்டார்கள். "ரிவ்யூ செய்தது நான்" என்றேன். அது பெருந்தன்மை இல்லை. நிஜமாகவே அந்தக் கேள்வியை ரிவ்யூவில் நான் கேட்டிருக்க வேண்டும். தம்பி சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, லண்டனில் கடிகாரம் மாறும் என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வருஷத்தில் பாதி நாள் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி, மீதி நாள் ஐந்தரை மணி வித்தியாசம் என்று கால் நேரத்தை மாற்றிக்கொண்டிருப்பவளே நான்தான்.

திருத்தியது இரண்டு இடத்தில். ஷெட்யூலரை யூடிசி என்கிற உலகப் பொது நேரத்துக்கு மாற்றினோம், அதில் கடிகாரம் முன்னும் பின்னும் போகாது. அனுப்புவதற்கு முன், இந்த ஆளுக்கு இந்த மாதம் ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்க்கும்படியும் செய்தோம். மார்ச் கடைசி ஞாயிறு இதற்கு நேர் எதிர். அன்று ஒன்றிலிருந்து இரண்டு வரை உள்ள நேரம் அங்கே இல்லவே இல்லை. பழையபடி விட்டிருந்தால் அன்றைக்குப் போக வேண்டிய செய்தியே போயிருக்காது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது அந்தத் தம்பிதான்.

லீட் ஆன பிறகு எது கஷ்டமாக இருந்தது?

கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. நான் இரண்டு மணி நேரத்தில் முடிப்பதை ஒரு பிள்ளை இரண்டு நாளாகச் செய்துகொண்டிருக்கும். பிடுங்கிச் செய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். முதல் வருஷம் பிடுங்கினேன். ராத்திரி பதினொரு மணி வரை நான் வேலை செய்தேன், டீம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனது. அதற்கு ஒரு பயனும் இல்லை. நான் காய்ச்சலில் படுத்த நான்கு நாளும் ப்ராஜெக்ட் அசையவில்லை.

அப்பா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கடைசியில் மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "கப்பல் வயித்துலேர்ந்து கொக்கி மேல ஏறும்போது அடியில எவன் நிக்கிறான்னு பாக்க ஒரு ஆள் வேணும். மேஸ்திரியும் மூட்டையில கைய வச்சுட்டா அத யார் பாக்கிறது?" என்றார். அப்புறம் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

ஆள் கூடினால் வேலை குறையும் என்றும் நினைத்தேன். ஐந்து பேர் டீமில் ஒருவரோடு ஒருவர் பேச பத்து ஜோடி. பத்துப் பேர் ஆனால் நாற்பத்தைந்து ஜோடி. யாருக்கு எது தெரியாது என்று தேடுவதே வேலையாகிவிடும். அதனால் என் டீமை மூன்று மூன்று பேராகப் பிரித்துவைத்திருக்கிறேன்.

கூட சேர்ந்தவன், வயதில் பெரியவர், எல்லோரும் டீமில் இருந்தால்?

என்னோடு அதே பேட்ச்சில் சேர்ந்தவன் என் டீமுக்கு வந்தான். கேன்டீனில் "வாடி, போடா" என்று பேசியவர்கள் நாங்கள். முதல் நாளே டீக்கடைக்குக் கூட்டிப்போய், "அப்ரைசல் நான்தான் எழுதணும், உனக்குச் சங்கடமா?" என்று கேட்டேன். சங்கடம்தான் என்றான். சொன்னதே நல்லதாகப் போயிற்று. மீட்டிங்கில் பெயர் சொல்லி, வெளியே பழையபடி.

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரும் டீமில் இருக்கிறார். ஆஃபீஸ் வழக்கப்படி பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எனக்கு வாய் வரவில்லை, "சார்" என்றே கூப்பிடுகிறேன். அவரிடம் வேலையைச் சொல்லும்போது "செய்யுங்க" என்பதைவிட "இதை எப்படிப் பண்ணலாம் சார்?" என்று ஆரம்பித்தால் நான் யோசிக்காத வழி ஒன்று வரும். தேதி தவறினால் அவரிடமும் கேட்கிறேன், தனியாக.

பெண்களுக்கு இது ஒத்துவருமா? கல்யாணம், குழந்தை?

ஒத்துவருமா என்று தம்பிகளிடம் யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா? சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். இது யாரும் செய்யும் தயவு இல்லை. இரவு கால் இருந்தால் வீட்டு வாசல் வரை கேப் கேளுங்கள். "உங்க ஏரியாவுக்கு ட்ரைவர் வர மாட்டேங்கிறார்" என்று ஒரு முறை சொன்னார்கள். அதை அப்படியே மெயிலில் எழுதித் தரும்படி கேட்டேன். அன்றிரவே கேப் வந்தது.

கம்பெனி மாறினால் சீக்கிரம் லீட் ஆகலாமா?

சம்பளம் ஏறும். பதவிப் பெயரும் கிடைக்கலாம். ஆனால் புது இடத்தில் உங்களை நம்ப ஆள் இருக்காது, முதல் ஒரு வருஷம் அதற்கே போகும். மாறுவதாக இருந்தால் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இத்தனை வருஷம் இருப்பேன் என்று எழுதிக்கொடுத்த பாண்ட் உண்டா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். பிஎஃப் பணத்தை உடைக்காமல், கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணான அதே யூஏஎன்-இல் மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆட்களை மேய்க்கப் பிடிக்காது. கோடு எழுதிக்கொண்டே மேலே போக முடியாதா?

முடியும். சாஃப்ட்வேரின் அமைப்பைத் திட்டமிடும் ஆர்க்கிடெக்ட் என்று தனி வழி பல இடங்களில் இருக்கிறது. பிடிக்காமல் லீட் ஆனவர் தன்னையும் கெடுத்து, டீமையும் கெடுப்பார்.

ஏஐ வந்துவிட்டதே, இனி ட்ரெய்னி எதற்கு?

என் டீமிலும் அதை வைத்துத்தான் எழுதுகிறார்கள். பார்க்க அழகாக, தப்பாக எழுதித் தரவும் அதற்குத் தெரியும். தப்பு எங்கே என்று காட்ட, படித்துப் புரிந்தவர் வேண்டும். ட்ரெய்னி இல்லாமல் நாளைக்கு அந்தப் படிக்கிற ஆள் எங்கிருந்து வருவார் என்பதைக் கம்பெனிகள் யோசிக்கின்றனவா என்றுதான் எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா?

வாங்க. பத்து மணிக்கு, லேப்டாப் இல்லையென்றாலும் பரவாயில்லை, ஒரு நோட்டு போதும். படிக்கட்டில் அம்மா வடாம் காயவைத்திருப்பார், மிதிக்காமல் ஏறுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு மட்டும் வேண்டாம். திருத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, இருந்தாலும் அன்று காலை ஆறிலிருந்து எட்டு வரை லாக், அதாவது சிஸ்டம் என்ன செய்தது என்ற பதிவு, பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்கப்புறம் தூங்கிவிடுவேன்.